இருபத்திமூன்றாவது ஸ்லைடு

விஜயகுமாரி மவுஸை மெல்ல நகர்த்தினாள். திரையின் மேல் வரிசையில் டிசைன்கள் சின்னச் சின்னக் கட்டங்களாக நின்றன. ஒன்றின் மேல் போய் நின்றதும் ஸ்லைடு பச்சை ஓரம் கட்டிக்கொண்டது. அடுத்ததற்கு நகர்ந்ததும் பச்சை போய், மரப்பலகை ஒட்டிய மாதிரி ஒரு பின்னணி வந்தது. அதற்கடுத்தது வெறும் வெள்ளை, தலைப்புக்குக் கீழே மட்டும் ஒரு செம்மண் நிறக் கோடு.

"இது ஏற்கெனவே போட்டதுதானே?" என்றார் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த ராஜ்மோகன். பூவராகன் என்டர்பிரைசஸின் சைட் மேனேஜர் அவர்.

"இல்ல சார். போன தடவ போட்டது மரக்கலரு."

"எல்லாமே சாதுவா இருக்கும்மா. கெத்தா ஒண்ணு காட்டு. கருநீலம், ஊதா, அந்த மாதிரி."

"டார்க்கு வாணாம் சார். நம்ம ஹால்ல சன்னலுக்கு ஸ்கிரீன் கெடையாது. பதினோரு மணி வெயிலு நேரா செவுத்துல அடிக்கும். ப்ரொஜக்டர்ல ஒண்ணும் தெரியாது."

ராஜ்மோகன் உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் செம்மண் கோட்டுக்கே தலையாட்டிவிட்டு, "பென்டிரைவ்ல போட்டுக் குடு, வீட்ல ஒருவாட்டி பாத்துக்கிறேன்" என்றார்.

நெய்வேலிச் சுரங்கத்தின் மேல்விளிம்பில் இருந்தது அந்தத் தகரக்கூரை ஆபீஸ். கீழே கிலோமீட்டர் கணக்கில் ஓடும் கன்வேயர் பெல்ட் அறுந்தால் போய் ஒட்டிக் கொடுப்பது கம்பெனியின் காண்ட்ராக்ட். நாற்பத்துமூன்று பேர். பெல்ட் ஒட்டுகிறவர்களின் கையில் ரப்பர் நாற்றம் போகவே போகாது. விஜயகுமாரியின் மேசையில் பழுப்பு நிலக்கரித் தூசி. காலையில் வந்ததும் ஈரத்துணியால் கீபோர்டைத் துடைப்பாள், மதியச் சாப்பாடு முடிந்ததும் இன்னொரு தடவை துடைப்பாள். சாயங்காலம் பார்த்தால் விரல் மறுபடி பழுப்பாகத்தான் இருக்கும்.

பதினோரு வருடமாக அந்த மேசை அவளுடையது. வருகைப் பட்டியல், பெல்ட் ஒட்டிய கணக்கு, கடிதங்கள், எல்லாம் அவள் அடிப்பதுதான். ஆனால் அவளுக்குப் பிடித்தது ஸ்லைடு போடுவது. அதில் அவள் கெட்டிக்காரி, அது அவளுக்கே தெரியும். தொடங்கிய புதிதில் எல்லாரையும் போல அவளும் கண்ட இடத்தில் பெட்டி வரைந்து, அதற்குள் எழுத்தைப் போட்டு, கலர் பூசியவள்தான். மேனேஜர் கடைசி நிமிடத்தில் கலர் பிடிக்கவில்லை என்பார். முப்பது ஸ்லைடுக்கும் ஒவ்வொன்றாகக் கலர் மாற்றிக் கண் பூத்துப்போகும். நான்கு வருடம் அப்படி அவதிப்பட்ட பிறகுதான் சூட்சுமம் பிடிபட்டது. தலைப்பைத் தலைப்புக்கென்று இருக்கிற கட்டத்திலேயே அடிக்க வேண்டும், குறிப்புகளைக் குறிப்புக் கட்டத்தில். படத்துக்கும் அட்டவணைக்கும் தீம் என்கிற அந்த டிசைன் தருகிற கலர்களையே எடுக்க வேண்டும். நாமாகக் கருப்பு, சிவப்பு என்று திணிக்கக் கூடாது. அப்படிச் செய்து வைத்தால், யாருக்கு எந்த மூடு வந்தாலும் ஒரே தட்டில் அத்தனையும் மாறிக்கொள்ளும். புடவையை மாற்றினால் கரையும் முந்தானையும் கூடவே மாறி வருகிற மாதிரி.

இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆனால் ரெஜிஸ்டரில் விஜயகுமாரி ஸ்வீப்பர். பதினோரு வருடத்துக்கு முன்னால், கம்மாபுரம் பக்கம் இருந்த கால் ஏக்கர் நிலமும் சுரங்கத்துக்குப் போய்விட்ட சமயம், டைப்பிங் சர்ட்டிபிகேட்டோடு இந்த ஆபீசுக்கு வந்து நின்றாள். அப்போதிருந்த கிளார்க், "இப்ப ஸ்வீப்பர்ல மட்டும்தான் எடம் காலி. பேர எழுதிக்கினு உள்ள வா. அப்பறமா மாத்திக்கலாம்" என்றார். எழுதிக்கொண்டு உள்ளே வந்தாள். நெய்வேலியில் காண்ட்ராக்டர் மாறுவார், ஆட்கள் மாற மாட்டார்கள். டெண்டர் எடுத்துப் புதிதாக வருகிறவர் பழைய ஆட்களையும் பழைய ரெஜிஸ்டரையும் சேர்த்தே எடுத்துக்கொள்வார், அட்டையில் கம்பெனி பெயர்தான் மாறும். அவள் வந்த பிறகு நான்கு அட்டை மாறிவிட்டது. உள்ளே அவள் பெயருக்கு எதிரே எழுதியது அப்படியே இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்பு வடலூர் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் ஆபரேட்டர் வேலைக்கு இன்டர்வியூ போனாள். அனுபவச் சான்று கேட்டார்கள். கொடுத்தாள். வாங்கிப் பார்த்தவர் சிரிக்கக்கூட இல்லை, "அம்மா, நீங்க வேற ரூமுக்கு வந்துட்டீங்க போல" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு முகம் எரியும். இப்போது முப்பத்தெட்டு வயது. இந்தத் தடவை காண்ட்ராக்ட் புதுப்பிக்கும்போதாவது கம்ப்யூட்டர் ஆபரேட்டர், ஸ்கில்டு என்று எழுதிவிட்டால் சம்பளம் கூடும், கையில் ஒரு காகிதமும் இருக்கும். இல்லாவிட்டால் இன்னும் இரண்டு வருடம். அப்புறம் எந்த வாசலிலும் போய் நிற்கிற வயது இருக்காது.

ராஜ்மோகன் வாக்குக் கொடுத்திருந்தார்.

மறுநாள் காலை வாக்கோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்துகொண்டது. "சுரங்கத்து மேலாபீஸ்ல இருந்து அறிவழகன் சார் வர்றார். பிரசன்டேஷன் பாத்துட்டு ஆளையும் செக் பண்ணுவாங்க. ரெஜிஸ்டர்ல என்ன இருக்கோ அந்த வேலையில ஆள் நிக்கணும். நீ ஸ்வீப்பர் கோட்டு மாட்டிக்க. யார் கேட்டாலும் ஸ்வீப்பிங்னு சொல்லு. ராங் கேட்டகரின்னு ஒரு வார்த்தை எழுதிட்டா பைல் அங்கயே நின்னுடும், நாப்பத்தி மூணு பேரும் வீட்ல உக்கார வேண்டியதுதான். இன்னிக்கு ஒரு நாள் ஓட்டிக் குடு. ரினிவல் கைக்கு வந்ததும் உன் பேரை ஸ்கில்டுல ஏத்திடறேன்."

செக்கிங் வந்தால் கோட்டு மாட்டுவது அவளுக்குப் புதிதில்லை. வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ நடப்பதுதான். பத்து நிமிடம் வரிசையில் நின்று பெயர் கூப்பிடும்போது கையைத் தூக்கிவிட்டு, கோட்டைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு மேசைக்குத் திரும்புவாள்.

கோட்டு சித்தீகாவுடையது. மந்தாரக்குப்பத்திலிருந்து வருகிறவள், நிஜமாகவே அந்த இடத்தைப் பெருக்குகிற நான்கு பேரில் ஒருத்தி. உபரியாக வைத்திருந்த நீலக் கோட்டை உதறிக் கொடுத்தாள். பட்டன் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கம்பு வைத்த துடைப்பம் ஒன்றையும் கையில் திணித்தாள்.

"அது மவுஸு இல்லக்கா. ரெண்டு கையால புடிங்க."

"இப்பிடியா?"

"ஆங், இப்ப கொஞ்சம் பரவால்ல. குனிஞ்சி நில்லுங்க. ஸ்வீப்பரு எங்க நிமிந்து நிக்கிறா?" சித்தீகா சிரித்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "இந்தத் தபா மெய்யாலுமே மாத்திக் குடுப்பாராக்கா?"

"சொல்லிகினுதான் இருக்காரு."

"குடுத்தா நல்லதுதான். நாலு பேரு பெருக்குறத அஞ்சு பேருன்னு எழுதிகினு இருக்காங்க. எங்களுக்கும் ஒரு ஆளு மெய்யா வருமில்ல."

விஜயகுமாரிக்குச் சுருக்கென்றது. ஆள் விவரம் பதினான்காவது ஸ்லைடில் இருந்தது. துப்புரவு என்பதற்கு எதிரே 5 என்று அடித்தவள் அவள்தான். அந்த ஐந்தில் இல்லாத ஒருவருடைய வேலையை இவர்கள் நான்கு பேரும் பங்கு போட்டுச் செய்கிறார்கள் என்பது அடிக்கும்போது தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. காரிடாரில் போய் நின்றுகொண்டாள்.

பதினோரு மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். நடுவில் வந்தவர் அறிவழகன் என்று சொல்லாமலே தெரிந்தது, மற்ற இருவரும் அவருக்கு வழிவிட்டு நடந்தார்கள். காரிடாரில் நின்றவர்களைப் பார்த்து, "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனார். நல்ல மனுஷன் என்று விஜயகுமாரிக்குத் தோன்றியது.

புழுக்கத்துக்காக ஹால் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். சுவரில் முதல் ஸ்லைடு விழுந்தது.  செம்மண் கோட்டைக் காணோம். ஸ்லைடு முழுக்க ஊதா. ராஜ்மோகன் வீட்டில் உட்கார்ந்து மாற்றியிருக்கிறார்.

தலைப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் கட்டத்தில் அடித்தவை, ஊதா வந்ததும் தாமாகவே வெள்ளை எழுத்தாகிவிட்டன, வெயிலில் மங்கலாகவாவது தெரிந்தன. வினை ஆறாவது ஸ்லைடில் வந்தது. அதில் அவர் தாமே ஒரு பெட்டி வரைந்து, வேறு எங்கிருந்தோ எடுத்த வரிகளை ஒட்டியிருந்தார். கருப்பு எழுத்து, ஊதா பின்னணி. வீட்டு லேப்டாப்பில் தெரிந்திருக்கும். இங்கே சுவரில் வெறும் ஊதாதான் இருந்தது. ஏழிலும் எட்டிலும் அதே கதை. பெல்ட் எத்தனை மணி நேரத்தில் ஒட்டிக் கொடுத்தோம் என்கிற முக்கியமான கணக்கெல்லாம் அந்த மூன்றில்தான் இருந்தது.

"ராஜ்மோகன், என்னங்க காட்டுறீங்க? எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே" என்றது ஒரு குரல்.

எலெக்ட்ரீஷியன் ஓடி வந்து ப்ரொஜக்டரை ஆட்டிப் பார்த்தான். இரண்டு பேர் பேனரை எடுத்துச் சன்னலில் பிடித்தார்கள், காற்று அதைப் பிடுங்கியது. ராஜ்மோகன் குனிந்து எதையோ தட்டினார். ஒரு வரி மட்டும் சிவப்பானது, ஊதாவில் அது இன்னும் மோசமாக இருந்தது. அவருடைய பின்கழுத்தில் வியர்வை ஓடுவது காரிடாரிலிருந்தே தெரிந்தது. வாணாம்னு சொன்னேனே என்று மனசு அடித்துக்கொண்டாலும், அவளுக்கு அந்த நேரத்தில் அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ரினிவல் நின்றுபோனால் எல்லாருக்கும்தான் வேலை போகும்.

கொஞ்ச நேரத்தில் அவர் வாசலுக்கு வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல், "ஏம்மா, இங்க வா" என்றார்.

துடைப்பத்தோடு உள்ளே போனாள். அதை மேசை மேல் சாய்த்து வைத்துவிட்டு மவுஸைப் பிடித்தாள். டிசைன் பக்கத்தைத் திறந்தாள். மேல் வரிசையில் வெள்ளைப் பின்னணி வைத்த தீமைத் தேடிப் பிடித்து ஒரே ஒரு தட்டு. ஊதா வழித்துவிட்ட மாதிரி போனது. இருபத்திரண்டு ஸ்லைடும் வெளுத்து, தலைப்புகள் கருத்து, அட்டவணைகள் செம்மண்ணும் சாம்பலுமாக மாறி உட்கார்ந்தன. காணாமல் போயிருந்த கருப்பு வரிகள் பளிச்சென்று வந்து நின்றன.

அறிவழகன் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "என்னம்மா பண்ணுனீங்க? ஒரு தட்டுதான் தட்டுனீங்க, அத்தனையும் மாறிடுச்சு?"

"தீம் மாத்துனேன் சார். நான் டைப் பண்ணும்போதே அதத அது அது கட்டத்துலதான்..."

சட்டென்று நிறுத்திக்கொண்டாள். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

"நீங்க டைப் பண்ணதா இது?" அவர் அவளுடைய கோட்டைப் பார்த்தார், பிறகு மேசையில் சாய்ந்திருந்த துடைப்பத்தைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் மாதிரிதான் கேட்டார். "உங்களுக்கு என்ன வேலைம்மா இங்க?"

 மேசை மேல் பெயர்ப் பட்டியல் விரிந்து கிடந்தது. நாற்பத்துமூன்று வரி. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வேலை, அதற்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட வெற்றிடம். ராஜ்மோகனின் கை அதன் ஓரத்தில் இருந்தது.

சொல்லிவிடலாம். பதினோரு வருடம், ஒரே ஒரு வார்த்தை. கேட்கிறவர் நல்லவராகவும் இருக்கிறார்.  கதவுக்கு வெளியே வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தாள். பெல்ட் ஒட்டுகிறவர்கள் வெயிலில் நின்றிருந்தார்கள், சித்தீகா இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெருக்குற வேல சார்" என்றாள். "எம் பொண்ணு பத்தாவது படிக்கிது. அது பண்றதப் பாத்து இதக் கத்துகினேன். இதையும் ஒருவாட்டி சும்மா அடிச்சிப் பாத்தேன்."

வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. மகள் தமிழ்நிலாவின் பள்ளி ப்ராஜெக்டுக்கு, ஞாயிற்றுக்கிழமை பிரவுசிங் சென்டரில் பக்கத்தில் உட்காரவைத்து ஸ்லைடு சொல்லிக் கொடுத்தது இவள். அந்தப் பொய்யைச் சொல்லி முடித்ததும், மகளுடைய கையிலிருந்தே எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

அறிவழகன் முகம் மலர்ந்துபோனது. "பாத்தீங்களா? ஹவுஸ்கீப்பிங் பண்றவங்க. மக கிட்ட கத்துக்கிட்டு வந்து நம்ம பிரசன்டேஷனையே காப்பாத்தியிருக்காங்க. நாம எல்லாம் இன்ஜினியர்ன்னு உக்காந்துகிட்டு இருக்கோம்." எல்லாரும் கைதட்டினார்கள். ராஜ்மோகன் கொஞ்சம் பலமாகவே தட்டினார். அறிவழகன் போனை எடுத்தார். "இப்பிடி நில்லுங்கம்மா. துடைப்பத்தைக் கையில எடுத்துக்கங்க. ஆங், அப்படியே."

பிறகு எல்லாரோடும் வரிசையில் நின்று, பட்டியலில் கையெழுத்துப் போட்டாள். விஜயகுமாரி, ஸ்வீப்பர். அழகான கையெழுத்து அவளுக்கு.

இரண்டு மணிக்கு விருந்தினர் ஜீப் கிளம்பியது. காண்ட்ராக்ட் இன்னும் இரண்டு வருடத்துக்கு உறுதி என்று அறிவழகன் வாயாலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஷெட்டில் ஒரே சிரிப்பும் சத்தமும். விஜயகுமாரி கோட்டைக் கழற்றி மடித்துச் சித்தீகாவிடம் கொடுத்துவிட்டு, நேரே ராஜ்மோகன் அறைக்குப் போனாள்.

"சார், என் பேரு. ஸ்கில்டு லிஸ்ட்ல ஏத்தறேன்னீங்க."

ராஜ்மோகன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எப்படிம்மா ஏத்த முடியும்? காலையில நான் சொன்னது வாஸ்தவம்தான். ஆனா இப்ப நீயே உன் வாயால சொல்லிட்ட. கையெழுத்தும் போட்டுட்ட. அறிவழகன் சாருக்கு உன் மூஞ்சி மனசுல பதிஞ்சாச்சு. நாளைக்கு நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர்னு எழுதி அனுப்பினா, யார் பொய் சொன்னதுன்னு கேக்க மாட்டாரா?"

"நீங்கதான சார் அப்பிடி சொல்லச் சொன்னீங்க."

"சொன்னேன். இல்லைங்கல. யாராவது கேட்டா சொல்லுன்னேன். அவரே கேப்பாருன்னு நான் கண்டேனா? நீ டைப் பண்ணேன்னு வாய விட்டதாலதான் வந்துச்சு." அவர் குரல் இளகியது. "அடுத்த ரினிவல்ல பாத்துக்கலாம். உன்னை நான் விட்ருவேனா?"

அவளுக்கு இவ்வளவு நாள் வராத கோபமெல்லாம் சேர்ந்து வந்தது. உங்களுடைய ஊதாவைத்தான் நான் போய்த் துடைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு அடுத்து பதினொன்று இருக்கிறது, பன்னிரண்டு இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். ஈரத்துணியை எடுத்துக் கீபோர்டைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

அரைமணி நேரம் கழித்து ராஜ்மோகனே எழுந்து வந்தார், கையில் போனோடு.

"அறிவழகன் சார் உன் போட்டோவ அனுப்பியிருக்காரு. அடுத்த வாரம் பெரிய மீட்டிங்ல காட்டப்போறாராம். நம்ம ஸ்லைடோட கடைசியில ஒண்ணு சேத்து அஞ்சு மணிக்குள்ள அனுப்பச் சொல்றாரு. தலைப்பு அவரே சொல்லிட்டாரு. எழுதிக்க."

விஜயகுமாரி இருபத்திமூன்றாவது ஸ்லைடைச் சேர்த்தாள். தலைப்புக் கட்டத்தில் அவர் சொன்னபடியே அடித்தாள்: டிஜிட்டல் திறன் பெற்ற நமது துப்புரவுப் பணியாளர். எழுத்து தானாகவே கருப்பாகிக்கொண்டது, கீழே கோடும் வந்து விழுந்தது. படத்துக்கான கட்டம் அகலவாக்கில் இருந்தது, போட்டோவோ நெட்டுவாக்கில் எடுத்தது. உள்ளே போட்டதும் கட்டம் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது. தலையிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை அவள் இருந்தாள். கையும் கம்பும் தெரிந்தன, துடைப்பத்தின் ஈர்க்குகள் வெட்டுப்பட்டிருந்தன.

"துடைப்பம் கட் ஆகுதே" என்றார் ராஜ்மோகன் நாற்காலிக்குப் பின்னாலிருந்து.

"போட்டோவ சின்னதாக்குனா ரெண்டும் தெரியும் சார்."

"சின்னதா வேணாம். கடைசி வரிசையில உக்காந்தவனுக்கும் தெரியணும். மேல தூக்கு."

போட்டோவைப் பிடித்து மேலே இழுத்தாள். நெற்றி போனது.

"இன்னும்."

இன்னும் இழுத்தாள். கண் போனது, மூக்கு போனது. நீலக் கோட்டின் பட்டன் வரிசை மேலேறி வந்தது, கம்பைப் பிடித்த இரண்டு கைகள் வந்தன, கடைசியில் தரையைத் தொட்டுக்கொண்டு துடைப்பத்தின் ஈர்க்குகள் முழுசாக வந்தன. கட்டத்தின் மேல் விளிம்பில் அவளுடைய தாடை மட்டும் மிச்சம் இருந்தது.

"ஆங், போதும். இப்பதான் சரியா இருக்கு" என்றார் ராஜ்மோகன். "சேவ் பண்ணி அனுப்பிடு."